டாக்டர் விட்ட வரி

லிஃப்ட் பழுது பார்ப்பவருக்கு ‘டாக்டர்’ என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். பத்தொன்பது வருட சர்வீஸ். மூடாத கதவு, நடுமாடியில் நின்றுபோன பெட்டி, எதுவானாலும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “ம்...” என்பார். அந்த ‘ம்’முக்குப் பயந்தே பாதி லிஃப்ட் ஓடிவிடும் என்று ஆபீஸில் பேச்சு.

கம்பெனி ஒருநாள் எல்லோர் போனிலும் ஒரு பொதுக் குறிப்பேட்டை ஏற்றிவிட்டது. யார் எந்தக் கோளாறைச் சரிசெய்தாலும் எப்படிச் செய்தார் என்று எழுதவேண்டும், மற்றவர்கள் படித்துக்கொள்ளலாம். முதல் மாதம் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. பிறகு திடீரென்று எல்லோரும் படித்தார்கள். அறிவு தாகம் என்று மேலதிகாரி பூரித்துப்போனார். தாகமாவது ஒன்றாவது. பக்கத்தில் இருப்பவனைக் கேட்டால், “இதுகூடத் தெரியாமயா இத்தன நாள் சம்பளம் வாங்கின?” என்பான். குறிப்பேடு அப்படிக் கேட்காது. அவ்வளவுதான் விஷயம்.

டாக்டரும் பன்னிரண்டு குறிப்புகள் எழுதினார். அதிகம் படிக்கப்பட்டவை அவைதான். விளைவு, அவருடைய போன் அடிப்பது நின்றுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கேட்டார்: “என்னங்க, காலைலேர்ந்து போனே வரல? ரிப்பேரா?”

“சார்ஜ் இல்ல” என்றார் டாக்டர். முழு சார்ஜ் இருந்தது.

மறுநாளே உட்கார்ந்து பன்னிரண்டையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி குறைவு. எடுத்தால் உயிருக்கு ஆபத்தாகும் வரி எதையும் தொடவில்லை, அந்த அளவுக்கு நல்லவர். கோளாறு சரியாகிவிடும், ரெண்டு நாளில் திரும்பும். அப்போது போன் அடிக்கும். அடித்தது.

அவருக்குப் போன் அடிக்காத ஆள் ஒருத்தர் இருந்தார். வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்த அக்கா. டாக்டரைவிடப் பத்து வயது சின்னவர்; ஆபீஸ் மொத்தத்துக்கும் அக்கா. ஒரு கிளினிக் லிஃப்டில் கதவு மூடப் போய் மூடப் போய்த் திறந்துகொண்டது. அக்கா குறிப்பைப் படித்து, சென்சாரை மாற்றி, கதவு ஓடும் பள்ளத்தைத் துடைத்துவிட்டு வந்தார். ரெண்டு நாளில் திரும்பியது. மறுபடி போனார். மூன்றாவது தடவை, அதே கதவுக் கோளாறில் பெட்டி நடுமாடியில் நின்றுபோய், கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் உள்ளே இருபது நிமிஷம் மாட்டிக்கொண்டார்.

மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கேட்டார்: “மூணு தடவை போயும் சரியாகலன்னா என்னம்மா அர்த்தம்?”

“டாக்டர் அண்ணன் எழுதினபடியேதான் சார் செஞ்சேன்.”

“அவர் எழுதினது தப்பா இருக்குமா?”

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். அக்காவை வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் சாயங்காலம் தயாராகிவிடும் என்றார் மேலதிகாரி.

டீ இடைவேளையில் அக்கா ஒரு டைரியோடு வந்தார். குறிப்பைக் கையால் எழுதி வைத்திருந்தார், வரிக்கு வரி.

“அண்ணே, நான்தான் எதையோ விட்டுட்டேன் போல. எதுன்னு பாத்துச் சொல்றீங்களா? மத்தவங்க எழுதினத யோசிச்சு செய்வேன். உங்களுத யோசிக்காம செய்வேன்.”

டாக்டர் டைரியைப் பார்த்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. “எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு” என்றார். அது பொய்யில்லை என்பதுதான் கேவலம்.

அக்கா நகர்ந்ததும், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று போனை எடுத்து அந்த வரியைச் சேர்த்தார்: ‘மெயினை அணைத்து, பத்து எண்ணிவிட்டுப் போடவும். இல்லையென்றால் பழைய கோளாறையே லிஃப்ட் நினைவில் வைத்திருக்கும்.’

ஒரு குறிப்பைத் திருத்தினால் எல்லோர் போனிலும் மணி அடிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. முன்பு அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாரே தவிர, அவர்தான் எதையுமே திருத்தியதில்லையே! டீ ரூமில் பதினாலு போன் ஒன்றாக அடித்தது.

அக்கா படித்தார். டைரியைப் பார்த்தார். “இந்த வரி காலைல இல்லையே அண்ணே.”

டாக்டர் நேரே மேலதிகாரி அறைக்குப் போனார். அக்காவும் பின்னாலேயே போனார். “என் தப்பு சார். ஒரு வரி மறந்துட்டேன். அவங்க மேல ஒண்ணும் இல்ல.”

மேலதிகாரி கடிதத்தைக் கிழித்தார். அதோடு விட்டாரா? எழுந்து கைகொடுத்தார். “தப்ப ஒத்துக்க ஒரு மனசு வேணும் டாக்டர். உங்களப் பாத்து எல்லாரும் கத்துக்கணும்.”

டாக்டரின் காது சிவந்தது. வெளியே வந்ததும் அக்கா மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: “மறந்தது இந்த ஒண்ணுலதானா?”

அண்ணே என்று சொல்லவில்லை.

டாக்டர் டீ ரூம் பெஞ்சில் உட்கார்ந்தார். போனைத் திறந்து அடுத்த குறிப்பில் ஒரு வரி சேர்த்தார். பதினாலு போன் அடித்தது. “என்ன டாக்டரே, எல்லா பேஷண்டுக்கும் மருந்து மாத்துறீங்களா?” என்றார் ஒருவர். சிரிப்பு. அடுத்தது. மணி. ஐந்தாவது மணிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் தாங்கள் எந்தெந்த லிஃப்டுக்கு ரெண்டாம் தடவை போனோம் என்று எண்ணத் தொடங்கியிருந்தார்கள்.

இன்னும் ஆறு குறிப்பு இருந்தது. டாக்டர் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார்.