திங்கட்கிழமைக் கண்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்தது நான்தான். வார்டு நர்ஸுக்கு அந்த உரிமைகூட இல்லையா? மண்டையைத் திறக்காமல், மூடிய இமைமேல் ஜெல் தடவி ஸ்கேன் வைப்பார். கண்ணுக்குப் பின்னால் போகும் நரம்பின் உறையை அளந்து, தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஐந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலையில்லை. ஆறைத் தாண்டினால் டாக்டரே ஓடி வருவார். கண்டுகொள்ளாமல் விட்டால் பார்வை போய்விடும்.

இதனால் மில்லிமீட்டருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் யாராவது நெற்றியைத் தேய்த்தால்கூட, "எத்தனை நாளா?" என்று விசாரிப்பார்.

அவர் விசாரிக்காத ஒரே தலை, கீழே சீட்டுக் கவுண்டரில் இருக்கும் அவர் மனைவியுடையது. எங்களுக்கெல்லாம் அவர் அண்ணி. அண்ணிக்கு மாதக்கணக்கில் தலைவலி. குனிந்தால் கண் மங்குகிறது, காதில் இரைச்சல்.

"நாள் பூரா கம்ப்யூட்டரையே பாத்தா வலிக்காம என்ன செய்யும்? தண்ணி குடி" என்பார் மில்லிமீட்டர்.

ஆனால் திங்கள்தோறும் மெஷினைச் சரிபார்க்க நோயில்லாத கண் ஒன்று வேண்டும். அதற்கு மட்டும் அண்ணி வேண்டும். வீட்டு ஆள், அசையாமல் படுப்பார். நாலரை என்று வந்துகொண்டிருந்தது ஐந்து ஆயிற்று, பிறகு ஐந்தரை. மில்லிமீட்டர் ஒவ்வொரு வாரமும் சத்தமாக வாசித்து, நோட்டில் தேதி போட்டு, "மெஷின் தவறு" என்று எழுதினார். ஆறே கால் வந்த அன்று கம்பெனிக்குக் காரசாரமாகப் புகார் அனுப்பினார். 'பழுது' என்ற காகிதத்தை மெஷினில் ஒட்டிய புண்ணியவதி நான்.

மூன்றாம் நாள் மெக்கானிக் வந்தார். தன் கண்ணை அளந்தார், என் கண்ணை அளந்தார், மில்லிமீட்டரின் கண்ணையும் விடவில்லை. எல்லாம் நாலரைக்குள்.

"மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு. நீங்க யார் கண்ணுல பாத்தீங்க?"

மில்லிமீட்டர் நோட்டும் கையுமாகப் படியிறங்கி ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கவுண்டரில் அண்ணி ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டு, மறு கையால் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தார். மில்லிமீட்டர் வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"தலைவலி... எத்தனை நாளா?"

அண்ணி அவர் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

"நீங்கதான் வாராவாரம் தேதி போட்டு எழுதியிருக்கீங்களே."