பெண்கள் பிரிவில் ஒரே ஒரு படகு

உடுப்பிட்டி ஜெயகௌரிக்கு நாற்பத்தாறு வயது ஆகும்வரை படகில் ஏறவேண்டிய தேவை வந்ததில்லை. கரவெட்டியில் ஓர் அரச அலுவலகத்தில் அவளுக்கு வேலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்துகொண்டு, வந்து நிற்கிற சனத்துக்கு, போன மாதம் இருந்த விதி இந்த மாதம் இல்லை என்று விளங்கப்படுத்துவதுதான் அவளுடைய நாளில் பாதி. விதியை மாற்றியது அவள் இல்லை. ஆனால் ஏச்சு வாங்குவது அவள். அதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது.

படகு அவளுடைய தம்பி குகதாசனுக்குக் கிடைத்தது. வெளிநாட்டிலிருக்கிற ஊர்க்காரர் சிலர் சேர்ந்து ஒரு கழகம் தொடங்கி, தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதற்கென்று எட்டுப் பாய்ப் படகுகள் செய்வித்துக் கொடுத்திருந்தார்கள். எட்டும் ஒரே அச்சில் வார்த்தவை. பாய் ஒரே அளவு, பாய்மரம் ஒரே உயரம், படகுக்கு இரண்டு பேர். படகில் வித்தியாசம் இல்லாதபடியால் வெல்கிறவர் தன் கெட்டித்தனத்தால்தான் வெல்கிறார் என்பது கழகத்துக்குப் பெருமை. ஓட்டியவர்கள் ஆசிரியர்கள், வங்கிக்காரர், ஒரு மருந்துக்கடைக்காரர். கடற்றொழில் செய்கிறவர் ஒருவரும் இல்லை.

குகதாசன் பெயர் கொடுத்து இரண்டு மாதம் போகவில்லை, மாமரத்தில் ஏறி விழுந்து முதுகை முறித்துக்கொண்டான். படகைச் சும்மா விட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கட்டிலில் கிடந்தபடி புலம்பினான். அவனுடைய மனைவி துஷாந்தினி, தானும் மச்சாளும் ஓட்டுகிறோம் என்று சொல்லிவிட்டாள். மச்சாளிடம் அவள் கேட்கவில்லை. ஜெயகௌரியும் மறுக்கவில்லை. தம்பி எழும்பும்வரைக்கும்தானே என்று நினைத்தாள். அவன் எழும்பினான், ஆனால் பழையபடி குனிய முடியவில்லை. படகு பெண்கள் கையிலேயே தங்கிவிட்டது.

முதல் வருசம் சோளகக் காற்றுக் காலத்தில் போட்டி. வல்லை வெளியைத் தாண்டி வருகிற காற்று ஆளையே தள்ளும். படகு சரியாமல் இருக்க விளிம்பில் ஏறியிருந்து உடம்பை வெளியே சாய்க்கவேண்டும். இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினாலும் ஒரு தடித்த ஆணின் பாரம் வராது. ஏழு போட்டியில் நாலில் கவிழ்ந்தார்கள். மிச்சத்தில் கடைசி. கரையில் நின்ற ஆண்கள் நல்ல மனதோடு கை தட்டினார்கள். கழகச் செயலாளர் வாகீசன் தன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிப் படகை இழுத்துவிட்டார்.

அடுத்த வருசம், வசதி கருதி, போட்டிகளைத் தைப்பொங்கலுக்குப் பிறகு வைத்தார்கள். அது காற்றுக் குறைந்த காலம். பாரமான படகுகள் தண்ணீரில் ஒட்டிக்கொண்டு நிற்க, ஜெயகௌரியின் படகு மெல்ல மெல்ல நழுவி முன்னுக்குப் போனது. அதற்குள் அவளுக்குக் காற்று எந்தப் பக்கத்தால் வரப்போகிறது என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்லவும் வந்திருந்தது. அந்த வருசம் முதலிடம் அவர்களுக்கு.

அதற்குப் பிறகுதான் கழகத்தில் நியாயம் என்ற சொல் அடிபடத் தொடங்கியது. படகு எட்டும் ஒன்றென்றால், ஏறுகிற பாரமும் ஒன்றாக இருக்கவேண்டாமா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். பிழையான கேள்வி என்று சொல்ல ஜெயகௌரியாலும் முடியவில்லை. இருவருக்கும் சேர்த்து நூற்றுமுப்பது கிலோ இருக்கவேண்டும், குறைந்தால் தண்ணீர்க் கலன்களால் நிரப்பவேண்டும் என்று விதி வந்தது. உரமூட்டை நிறுக்கிற தராசு ஒன்றைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அத்தனை ஆண்களும் பார்த்துக்கொண்டு நிற்க, சட்டைக்கு மேல் மிதவைச் சட்டையும் போட்டுக்கொண்டு அவர்கள் அதில் ஏறி நின்றார்கள். துஷாந்தினி கோபத்தில் முகம் சிவந்து போனாள். ஜெயகௌரிக்குக் கோபம்கூட வரவில்லை. கலன்களைத் தூக்கிச் சேற்றுக்குள்ளால் படகுவரை கொண்டுபோவதில் அவளுடைய தோள்மூட்டுப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அந்தக் கலன்களைப் பாய்மரத்தின் அடியில் இறுக்கிக் கட்டினார்கள். போட்டி நாட்களில் ஒன்றில் எதிர்பாராமல் காற்று எழும்பியது. மூன்று படகுகள் கவிழ்ந்தன. அடியில் பாரம் இருந்ததாலோ, கவிழ்ந்து கவிழ்ந்து பழகியதாலோ, ஜெயகௌரியின் படகு நிமிர்ந்தபடி வந்து சேர்ந்தது. திரும்பவும் முதலிடம்.

இப்போது கலன்தான் குற்றவாளி. மனிதப் பாரம் அசையும், களைக்கும். தண்ணீர்ப் பாரம் அப்படி இல்லை, அது அநியாயம் என்றார்கள். ஏறுகிற ஆட்களின் சொந்தப் பாரமே கணக்கு என்று ஒரு யோசனை வந்தது. அப்படி வந்தால் இவர்கள் இருவரும் படகில் ஏறவே முடியாது. வாகீசனுக்கு அது மனதுக்குச் சரியாகப் படவில்லை. ஒரு கிழமை யோசித்து அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: பெண்களுக்குத் தனிப் பிரிவு, தனிக் கிண்ணம்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. அன்றைக்கு அலுவலகத்தில் மேலதிக வேலை. ஜெயகௌரி அங்கிருந்து நேரே வந்து பின்வரிசையில் துஷாந்தினிக்குப் பக்கத்தில் இருந்தாள். வாகீசன் தன் யோசனையை விளக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

"உங்கடை நல்லதுக்குத்தான் அக்கா. ஒவ்வொரு வருசமும் கிண்ணம் உங்களுக்கு நிச்சயம்."

"பெண்கள் பிரிவிலை எத்தினை படகு, தம்பி?"

"இப்போதைக்கு ஒண்டு."

"அப்ப நாங்கள் ஆரை முந்துறது?"

அவளுக்கு அத்தோடு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொன்றைக் கேட்டாள்.

"நாங்கள் கடைசியா வந்த வருசம் பாரத்தைப் பற்றி ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை?"

"அப்ப ஒருத்தருக்கும் அது பிழையெண்டு படேல்லை அக்கா," என்றார் வாகீசன்.

பொய் சொல்லாமல் சொன்னாரே என்பது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். கை உயர்த்தச் சொன்னார்கள். எதிர்த்து உயர்ந்தவை அவளுடையதும் துஷாந்தினியுடையதும்தான்.

தனிப் பிரிவு என்றபடியால் தனியாகப் புறப்படவேண்டும். ஆண்களின் ஏழு படகுகளும் போய் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு ஒற்றைப் படகுக்காக விசில் ஊதினார்கள். ஜெயகௌரி எப்போதும்போல ஓட்டினாள். மிதவையைச் சுற்றித் திரும்பும்போது முன்னே போன இரண்டு படகுகளைப் பிடித்துக் கடந்தார்கள். அதில் ஒன்றிலிருந்த மருந்துக்கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கரையில் அது எந்தக் கணக்கிலும் வரவில்லை. பெண்கள் பிரிவில் முதலிடம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். வாங்காமல் விட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள் என்று வாங்கினாள். குகதாசன் அதை வானொலிப்பெட்டிக்கு மேலே வைத்தான். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடமாடப் பழகிக்கொண்டாள். அடுத்த வருசம் பெயர் கொடுக்கவில்லை. தோள் நோகுது என்று காரணம் சொன்னாள். அது உண்மையும்தான்.

ஒன்றரை வருசம் ஞாயிற்றுக்கிழமைகளில் படுத்து நித்திரை கொண்டாள். அதுவும் ஒரு சுகம்தான். ஆனால் மழைக்குப் பிறகு முற்றத்துத் தண்ணீரில் காற்று ஓடுகிற தடத்தை நின்று பார்த்துக்கொண்டிருப்பதை துஷாந்தினி கண்டிருக்கிறாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை வாகீசன் அவளுடைய அலுவலகத்துக்கு வந்தார். சனத்தோடு சனமாக வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் குனிந்தார். கழகத்தில் இரண்டு பேர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஒருவருக்கு மன்னாருக்கு மாற்றம். இப்போது ஐந்து படகுதான் ஓடுகிறது, பார்க்க வருகிற சனமும் குறைந்துவிட்டது என்றார். தராசு, கலன், தனிப் பிரிவு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களாம். முதல் வருசத்து விதிகள்தான் இனி.

"நியாயம் எண்டு மாத்தினனீங்களோ, ஆள் காணாதெண்டு மாத்தினனீங்களோ?" ஜெயகௌரி கேட்டாள்.

"ஆள் காணாதெண்டுதான்," என்றார் வாகீசன்.

அவருக்குப் பின்னால் நின்ற ஒரு கிழவர் பொறுமையிழந்து செருமினார்.

"வாறன். ஆனா போட்டி துவங்கின பிறகு முடியுமட்டும் ஒரு விதியிலையும் கை வைக்கப்படாது. நாங்கள் வெண்டாலும் தோத்தாலும்."

"அடுத்த வருசம்?"

"அடுத்த வருசம் திரும்பக் கூட்டம் வைப்பியள். அதை அப்ப பாப்பம். இப்ப விலகுங்கோ தம்பி, பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

முதல் போட்டி ஆவணியில் வந்தது, நல்ல சோளகத்தில். ஆறு படகுகளும் ஒரே விசிலுக்குப் புறப்பட்டன. ஒன்றரை வருசம் ஓட்டாத உடம்பு. இரண்டு தரம் கவிழப் பார்த்தார்கள். துஷாந்தினி விளிம்பில் தொங்கியபடி, தண்ணீர்க் கலன் இருந்தாலாவது நல்லதென்று பல்லைக் கடித்தாள். கடைசித் திருப்பத்தில் மருந்துக்கடைக்காரர் பாயை மறுபக்கம் மாற்றப் பிந்தினார். அந்த இடைவெளிக்குள்ளால் அவள் படகை நுழைத்துக் கொண்டுபோனாள். அவர் இந்தமுறை வேறு பக்கம் பார்க்கவில்லை, வாய் திறந்து ஏசினார். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

கரையில் வாகீசன் முடிவுகளை வாசித்தார். ஐந்தாவது, ஜெயகௌரி, துஷாந்தினி. ஆறாவது, மருந்துக்கடைக்காரர்.

வீடு திரும்பும்போது துஷாந்தினிதான் ஸ்கூட்டியை ஓட்டினாள். ஐந்தாவது என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். ஜெயகௌரி பின்னால் இருந்து, சேறு காய்ந்து இறுகிய கால்களை ஒடுக்கிக்கொண்டு, அவளுடைய முதுகில் நெற்றியைச் சாய்த்தாள். வலது தோள் உயர்த்த முடியாதபடி பிடித்திருந்தது. நாளைக்கு அலுவலகத்தில் புதிய சுற்றறிக்கை ஒன்றை விளங்கப்படுத்தவேண்டும்.

"மெல்லப் போ பிள்ளை," என்றாள். "ஐஞ்செண்டே சொல்லு. ஆறு பேரிலை ஐஞ்சு."