பெரிய பிரிவில் ரேவின்

ரேவின் டல்லக்கும் நானும் கோர் ஊர் ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில் பதினாறு வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்று எலும்பு பிரிக்கிறோம். அவள் கத்தியும் கூர், வாயும் கூர். இரண்டுக்கும் தள்ளி நிற்பது நல்லது.

வருடத்துக்கு ஒரு நாள் எங்கள் ஊர் மலைப்பாதையை மூடிவிட்டுக் கார்ப் போட்டி நடத்துவார்கள். ஒவ்வொரு வண்டியாக ஏறும். எஞ்சின் அளவைப் பார்த்துச் சின்னப் பிரிவு, பெரிய பிரிவு என்று பிரிப்பார்கள்; பிரிவில் குறைந்த நேரம் எடுத்தவர் ஜெயிப்பார். மலையுச்சித் தகரக் குடிலில் உட்கார்ந்து அந்த நேரங்களைத் தாளில் எழுதியவள் ரேவின்தான், பத்தொன்பது வருடம். நடுநடுவே எல்லோருக்கும் சீஸ் ரோல் சுட்டும் கொடுப்பாள். தாளில் இருந்ததெல்லாம் ஆண்களின் பெயர்கள். ஐம்பத்து மூன்று வயதில், அதே தாளில் அவர்களோடு தன் பெயரும் வரவேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. அதில் என்ன தப்பு?

அவளிடம் இருந்தது முப்பத்தைந்து வருடப் பழைய ஜப்பான் வண்டி. இரண்டே இருக்கை, முதுகுக்குப் பின்னால் எஞ்சின், மொத்தமே ஆயிரம் கிலோ. வளைவில் சொன்னபடி கேட்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பழைய வண்டி உடைக்கும் இடத்தில் மூக்கு நசுங்கிய அதே ரக வண்டி ஒன்று கிடைத்தது. அதன் எஞ்சினில் சூப்பர்சார்ஜர் இருந்தது. பெல்ட்டில் சுழன்று காற்றை அமுக்கி உள்ளே திணித்து வேகம் கூட்டுகிற சாமான். அந்த எஞ்சினைத் தன் வண்டிக்கு மாற்றுவது என்று முடிவு செய்தாள்.

அந்த ரகத்தில் எஞ்சினை மேலே தூக்க முடியாது. ஆடுகளுக்குக் கம்பளி வெட்டும் கொட்டகையில், உத்தரத்தில் சங்கிலி போட்டு, எஞ்சினைத் தரையில் விட்டுவிட்டு வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினோம். தூக்கியது அவள், திட்டு வாங்கியது நான். கம்பிகளை இணைக்க மட்டும் மூன்று வார இறுதி ஆயிற்று. வேகத்துக்கு ஏற்பப் பிரேக்கையும் மாற்றினாள். சோதனை அதிகாரி குனிந்து குனிந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம்தான் வந்தான் போட்டி நடத்தும் கார் மன்றத்தின் தலைவன் லின்ட்ஸே, சிரித்த முகமாக.

"சூப்பர்சார்ஜர் இருந்தா கணக்கு வேற, ரேவின். ஆயிரத்து அறுநூறு சிசிய ஒண்ணே முக்கால் மடங்கு கிட்டப் போட்டுக்குவோம். நீ எங்களோட பெரிய பிரிவுல வந்துருவ."

"தெரியும். அந்த விதிய பத்தொன்பது வருஷமா உங்களுக்குப் படிச்சுக் காட்டினதே நான்தான்."

"கடைசியா வருவ, பாவம். பழைய எஞ்சினையே மாட்டிக்க. சின்னப் பிரிவுல ஜாலியா ஓட்டலாம்."

"உன் வி8 பக்கத்துல நான் நிக்கறது உனக்குப் பயமா இருந்தா நீ சின்னப் பிரிவுக்குப் போ."

அவன் போனதும், "ஏண்டி, தோத்துட்டா ஊரே சிரிக்குமே" என்றேன்.

"தோத்தாலும் அந்தத் தாள்லதான் தோக்கணும்" என்றாள்.

போட்டியன்று தகரக் குடிலில் நான். பெரிய பிரிவில் ஆறு வண்டி. முதல் மூன்றும் மிருகங்கள். அவற்றை இவளால் நெருங்கவே முடியவில்லை. லின்ட்ஸேயின் எட்டு சிலிண்டர் வி8 நேர்ச்சாலையில் இரைந்தது, கொண்டை ஊசி வளைவில் எருமை மாதிரித் திரும்பியது. ரேவின் அந்த வளைவில் பிரேக்கை விட்டதும் முதுகுக்குப் பின்னால் சூப்பர்சார்ஜர் ஊளையிட, மேலே வந்து சேர்ந்தாள். இருவர் நேரத்தையும் எழுதினேன். வித்தியாசம் அரை விநாடிகூட இல்லை. நான் கத்தியது கீழே கேட்டிருக்கும்.

மாலையில் பரிசளிப்பு. லின்ட்ஸே ஒலிபெருக்கியில் பெரிய பிரிவின் முதல் மூன்று பெயர்களைப் படித்தான். பிறகு தாளை மடித்து ஒரு சின்னக் கோப்பையை எடுத்தான்.

"பெண்கள்ல முதல் பரிசு, நம்ம ரேவின்."

அவள் எழுந்து போனாள். கோப்பையைத் தொடவில்லை.

"இன்னிக்கு எத்தனை பொம்பளைங்க ஓட்டினோம்?"

"நீ ஒருத்திதான்."

"அப்ப கடைசியும் நான்தான். அத உள்ள வை. தாள விரி. மீதியையும் படி."

"மூணுக்கு மேல படிக்கிற வழக்கமில்ல."

"படி லின்ட்ஸே. எல்லாரும் உக்காந்திருக்காங்க."

உண்மைதான், ஒருவரும் எழவில்லை. சீஸ் ரோலைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அவன் தாளை விரித்தான்.

"நாலாவது, ரேவின் டல்லக்."

ஒருவரும் கைதட்டவில்லை. அடுத்த பெயருக்காகக் காத்திருந்தார்கள்.

"அஞ்சாவது" என்று சொல்லி, தன் பெயரைத் தானே படித்தான்.