பூசையில் வைத்த துப்பாக்கி

என் சித்தப்பா எதையும் சட்டப்படி செய்கிறவர். துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுவதால் வந்த பழக்கமா, பிறவிக் குணமா தெரியாது. ஈ காக்கை இல்லாத வீதியிலும் சிக்னல் போட்டுத்தான் திரும்புவார். அப்படிப்பட்ட மனிதர் துப்பாக்கி வாங்கிவிட்டார் என்ற செய்தி வந்ததும் எங்கள் வீடு கலங்கிப்போனது. எனக்கு மட்டும் தலைகால் தெரியாத சந்தோஷம். எனக்கு அப்போது பத்து வயது.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பாலத்தைத் தாண்டி, நாங்கள் குடியேறிய நகரம் இருக்கும் தீவுக்கு வெளியே, சோள வயல்களுக்கு நடுவில் அவர் வீடு. பின்னால் பெரிய காணி. வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, அனுமதி எடுத்து, ஊர்ச் சபையிடம் கேட்டு, பக்கத்து வயல்காரருக்கும் சொல்லி, காணியின் கோடியில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு மண்மேடு எழுப்பியிருந்தார். அதன் முன்னால் கடதாசி ஒட்டிய இலக்குப் பலகை. சுடும்போது சிவப்புக் கொடி ஏறும். பார்ப்பவர்கள் கயிற்றுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி. "கோயில் தேருக்கும் இவ்வளவு ஆயத்தம் செய்யமாட்டாங்கள்" என்று சித்தி சிரிப்பார்.

அம்மா மட்டும் சிரிக்கமாட்டார். அம்மா மட்டக்களப்பு, அப்பா யாழ்ப்பாணம். புகைப்படம் பார்த்து, பேசிச் செய்த கல்யாணம். சண்டையில் பள்ளிக்கூடம் குழம்பிய பிறகு அம்மா திருகோணமலையில் பெரியம்மா வீட்டில் இருந்து தையல் பழகினார் என்று கல்யாணம் பேசியவர்கள் சொன்னார்கள். அப்பாவும் எல்லோருக்கும் அதையே சொன்னார். அம்மா அதை ஓம் என்றதுமில்லை, இல்லை என்றதுமில்லை. யாராவது அந்த வருடங்களைப் பற்றி விசாரித்தால் தேத்தண்ணி போட எழும்பிவிடுவார். தையல் பழகிய பெண் இருந்த எங்கள் வீட்டில் ஒரு சட்டைப் பொத்தான் தைக்கவும் ஆளில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அப்பா கவனித்திருப்பார். கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயந்து பேசாமல் இருந்திருப்பார். அந்த ஒரு கேள்வி கேட்கப்படாமல் இருந்ததால்தான் எங்கள் வீடு நிம்மதியாக நடந்தது.

அந்த வருடம் சரசுவதி பூசை சித்தப்பா வீட்டில். ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய பழங்கள், என் பிரெஞ்சுப் புத்தகங்கள், சித்தியின் மடிக்கணினி, லொறியைக் கிளப்பும் திறப்பு, மரக்கறி வெட்டும் கத்தி எல்லாம் படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. கடைசியில் சித்தப்பா துப்பாக்கியையும் கொண்டுவந்தார். விசைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. உள்ளே ஊசி இருக்கும் போல்ட் என்ற இரும்புத் துண்டைத் தனியாகக் கழற்றி ஒரு வெற்றிலையில் வைத்தார். தோட்டாக்கள் வேறு அலுமாரியில் பூட்டிக் கிடந்தன.

"தம்பி, அதை மட்டும் வைக்காதேங்கோ" என்றார் அம்மா.

"ஆயுத பூசை எண்டுதானே அண்ணி இதுக்குப் பேர்?"

அம்மா சமையலறைக்குள் போய்விட்டார். சித்திக்குச் சந்தனம் பூசுவதில் கஞ்சத்தனம் கிடையாது. கத்திக்கு ஒரு பொட்டு என்றால் போல்ட்டுக்கு அபிஷேகமே நடந்தது.

இரவு அங்கேயே தங்கினோம். விடிந்தால் விஜயதசமி. "இண்டைக்கு ஏடு தொடக்கிற நாள். இண்டைக்குத் தொடங்கினால் எதுவும் கைகூடும். நான் சுட்ட பிறகு பிள்ளைக்கும் காட்டிக்குடுக்கிறன்" என்று சித்தப்பா அறிவித்தார். நான் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி வீட்டுக்கும் காணிக்குமாக ஓடித் திரிந்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அடித்துவிடப் பிரெஞ்சில் வசனங்கள்கூட ஆயத்தம். அம்மாவும் ஓரிடத்தில் இருக்கவில்லை. கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் கழுவினார். யன்னலுக்கு வந்தார், போனார். "வெளிக்கிடுவமே?" என்று அப்பாவை அரித்துக்கொண்டிருந்தார். அப்பாவோ, "பிள்ளை ஆசைப்படுது" என்று கதையை முடித்துவிட்டார்.

சித்தப்பா துப்பாக்கியின் வெளிப்பக்கத்தைப் பக்தியோடு துடைத்தார், போல்ட்டைச் செருகினார், விசைப் பூட்டை எடுத்தார், கொடியை ஏற்றினார், எங்களைக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தினார். என்ன நினைத்தாரோ, அம்மாவும் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கை ஈரமாக இருந்தது.

சித்தப்பா தோட்டா போட்டு, குறி பார்த்து விசையை அழுத்தினார். சும்மா ஒரு "டிக்". அவ்வளவுதான். உள்ளே காய்ந்து இறுகிய சந்தனம் ஊசியைப் போகவிடவில்லை.

"இதென்ன கோதாரி?" என்று சித்தப்பா எங்களைப் பார்த்துத் திரும்பப் போனார். கையில் இருந்த துப்பாக்கியும் அவரோடு திரும்பத் தொடங்கியது.

"திரும்பாதை!"

அது அம்மாவின் குரல் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சித்தப்பாவைத் தம்பி என்றும் நீங்கள் என்றும் தவிர வேறு விதமாக அவர் கூப்பிட்டதேயில்லை.

"குழாயை மேட்டுப் பக்கம் பிடி. விரலை வெளியில எடு. அப்பிடியே நில்லு. வெடிக்காததை நம்பக் கூடாது."

சித்தப்பா சொன்னபடி நின்றார். அம்மா கயிற்றுக்குக் கீழே குனிந்து போனார். அவருக்குப் பக்கத்தில் அசையாமல் நின்று காத்திருந்தார். காலையிலிருந்து தத்தளித்த மனுஷி அந்த இடத்தில்தான் அமைதியாக நின்றார். பிறகு துப்பாக்கியை வாங்கினார். கண் மண்மேட்டிலேயே இருக்க, கை தன்பாட்டில் போல்ட்டைத் திறந்தது. தோட்டா புல்லில் விழுந்தது. சின்னவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். திறந்தபடியே மேசையில் வைத்துவிட்டு, விரலை மணந்து பார்த்தார்.

"சந்தனம்" என்றார்.

சித்தப்பாவுக்கு வியர்த்து ஊற்றியது. இருந்தாலும் சிரித்தார். "கிளாசிலே எங்களுக்கு இதைப் பழக்க ஒரு முழு நாள் எடுத்தவங்கள் அண்ணி! நீங்கள் எங்கை பழகினனீங்கள்?"

"யூரியூபிலை பாத்தனான்."

"நான் அதிலை இடியப்பத்துக்குச் சொதி வைக்கிறது மட்டும்தான் பாக்கிறனான்" என்றார் சித்தி.

நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. காதடைப்பானைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வெளிக்கிடுவம்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என் முறை வரவில்லையே! காரின் பின் சீற்றில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். யாரும் சமாதானம் செய்யவில்லை. எப்போதும் ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டு கார் ஓட்டுகிற அப்பா வானொலியைக்கூடப் போடவில்லை. பாலத்தடியில் வாகனங்கள் அடைபட்டு நின்றன. அப்பா நேரே பார்த்தபடி கேட்டார்.

"எத்தினை வருசம்?"

அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்கள் இருவரும் அப்படிப் பேசாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை. கோபத்தையும் மறந்து முன்னால் எட்டிக் குனிந்தேன்.

"சித்தப்பா அந்த வீடு வாங்கியோ? மூண்டு வருசம், அப்பா."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "மூண்டு."

அப்பா தலையை ஆட்டினார். வாகனங்கள் நகரத் தொடங்கின. அவர் ஒரு கையால் காரை ஓட்டி, மற்றக் கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை. பெரியவர்களுக்குத் தெரியாத கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்ட பெருமை எனக்கு. சித்தப்பா வீடு வாங்கியதற்கு அம்மா ஏன் அழ வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை.