ஆயுத பூஜையன்று கட்டிய இமேஜ்

என்னைச் சென்னைக்கு மாற்றியே தீருவேன் என்று நின்றார் எங்கள் முதலாளி. திருச்சி ஆபீஸில் இமேஜ் கட்டத் தெரிந்த ஒரே ஆள் நான். அவசரம் என்றால் சென்னையில் அவர் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். ஸ்ரீரங்கத்தில் வீடு, வீட்டுக்காரருக்கு இங்கே வேலை, மகளுக்கு இங்கே ஸ்கூல். நான் எதுக்குங்க போகணும்? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

இமேஜ் என்றால் போட்டோ இல்லை. ஒரு புரோகிராமையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம். எந்த கம்ப்யூட்டரில் பிரித்தாலும் ஓடும். அதை ஒவ்வொரு முறையும் என் லேப்டாப்பில் கையால் கட்டிக்கொண்டிருந்தேன். சரிதான் போ, கட்டுவதற்கு ஆளே தேவையில்லாமல் செய்துவிடலாம் என்று, கட்டும் முறையை வரிவரியாக ஒரு கோப்பில் எழுதினேன். புரோகிராமில் எதை மாற்றினாலும் சர்வரே இமேஜைக் கட்டி, சோதித்து, ஏற்றிவிடும்படி செய்தேன். முதல் தடவை கட்டவே இல்லை. என் லேப்டாப்பில் மட்டும் கிடந்த ஒரு கோப்பை சர்வர் எங்கே போய்த் தேடும்? அதையும் புரோகிராமோடு சேர்த்தேன், ஓடியது. முதலாளிக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. ஆள் பார்க்காமல் எதுவும் போகக்கூடாது, கையாலேயே கட்டுங்க என்றார். கட்டினேன். ஆனால் சர்வர் வழியை நான் கலைக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. லேப்டாப் எல்லாவற்றையும் பூஜையில் வைக்கணும், மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னவரும் அவரேதான். சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம் என்று அடுக்கியாயிற்று. போனை மட்டும் ஒருத்தரும் வைக்கவில்லை. அது இல்லாமல் யாரால் இருக்க முடிகிறது?

பொரியை மென்றுகொண்டிருந்தபோது முதலாளி சென்னையிலிருந்து போனில் கூப்பிட்டார். நாங்கள் பார்த்துக்கொள்ளும் பஸ் டிக்கெட் தளத்தில், சீட் காலியாக இருக்கும் சிறப்பு பஸ்ஸெல்லாம் நிரம்பிவிட்டதாகக் காட்டுகிறதாம். லீவுக்கு ஊர் போகிறவர்கள் திட்டித் தீர்க்கிறார்களாம். பூஜையில் இருக்கும் லேப்டாப்பை எடுங்க என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எடுக்கிறேன் என்று நானும் சொல்லவில்லை. சர்வரே கட்டட்டுங்களா என்று மட்டும் கேட்டேன். வேறு வழியில்லாமல் சரி என்றார்.

போனிலேயே புரோகிராமைத் திறந்தேன். ஒரே ஒரு வரிதான் தப்பு. திருத்திச் சேர்த்ததும் சர்வர் கட்ட ஆரம்பித்தது. சோதனையில் ஒன்று சொதப்பினாலும் நான் சென்னைக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆனால் என் வேலைமேல் எனக்குச் சந்தேகம் இல்லை. சோதனை எல்லாம் தேறி, புது இமேஜ் ஏறியது. தளத்தில் காலி சீட்டுகள் தெரிய ஆரம்பித்தன.

லைனிலேயே இருந்த முதலாளி, யார் கட்டினது என்று கேட்டார். யாரும் கட்டலைங்க, சர்வரே கட்டிடுச்சு என்றேன்.

"அப்ப இதுக்காக நீங்க சென்னைக்கு வரணும்னு இல்லையே?"

"அதைத்தாங்க நானும் இத்தனை நாளா சொல்லிட்டிருக்கேன்."