பால் கட்டிய நாட்கள்

உயிருள்ளவை அசையும், சுவாசிக்கும், வளரும், இனம்பெருக்கும் என்று விஞ்ஞானப் புத்தகத்தில் இருந்தது. கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்த எழுபதுகளில், கரும்பலகையில் அதற்குக் கீழே என் பங்குக்கு ஒன்றை எழுதுவேன்: கூப்பிட்டால் பதில் சொல்லும். பூ கூப்பிட்டால் வண்டு வரும், குஞ்சு கத்தினால் கோழி ஓடும். இந்தக் கூப்பாடும் பதிலும் இல்லாவிட்டால் பரிணாமம் ஏது, நாம் ஏது என்பேன். இதைப் புத்தகத்தில் சேர்க்காதவர்கள் மீது எனக்குக் கோபமே உண்டு.

அப்போது எனக்கு ஐந்து மாத மகன். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போவேன். பத்து மணிக்குப் பால் சுரந்து சட்டை நனையும். மாலையில் போய், பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாம்மாவிடம் விசாரித்தால், "பத்து மணிக்குத்தான் டீச்சர் முழிச்சு அழுதான்" என்பார். பழக்கதோஷம் என்று புத்தகம் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். அவன் கூப்பிட்டான், எனக்குக் கேட்டது.

வயிற்றோட்டம் வந்து இரண்டே நாளில் அவன் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வந்தபோது என் மடியில் சூடு இல்லை.

பத்து மணிக்குப் பால் வருவது மட்டும் நிற்கவில்லை. நெஞ்சு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் அடித்தது. காம்பரா வரிசையில் அடுத்த வீட்டு அக்கா, பாவம், ஹட்டன் கடைத்தெருவுக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கி வந்தார்.

"இத வச்சுக் கட்டுங்க டீச்சர். ரெண்டு மூணு நாள்ல பால் வத்திரும்."

"என் மகன் கேக்குறான், வருது. ஒங்களுக்கு என்னாங்க?"

பூவைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். பால் வரும்வரை அவன் எங்கேயோ இருக்கிறான் என்று நம்பினேன். விஞ்ஞான டீச்சர்தான், நம்பினேன்.

ஒரு வாரம் கழித்து அவனுடைய துணிகளை எடுத்துவரப் பிள்ளைமடுவத்துக்குப் போனேன். ஏணைத் தொட்டிலில் வேறொரு கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. என் சட்டை நனைந்தது. அப்போது பின்னேரம் மூன்று மணி.

"இதோட அம்மா மேமலையில கொழுந்தெடுக்குது, வர நேரமாகும். கொஞ்சம் குடுங்களேன் டீச்சர்" என்றார் ஆயாம்மா.

அழுவது யார் பிள்ளை என்று உடம்பு விசாரிப்பதில்லை. அப்படி விசாரிக்காததால்தான் மனித இனம் பிழைத்துக் கிடக்கிறது என்று பின்னாளில் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கு அது பச்சைத் துரோகமாகத் தெரிந்தது. என் மகனுக்கு என்று நான் காத்துவைத்திருந்தது யாருக்கும் வருமாம். அப்படியென்றால் இத்தனை நாளும் அவன் கூப்பிடவே இல்லை.

அந்தக் குழந்தைக்கு நான் கொடுக்கவில்லை. துணி மூட்டையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

"பூ வாங்கிட்டு வாங்கக்கா" என்று நானே போய்க் கேட்டேன். அவர் ஹட்டனுக்குப் பஸ் ஏறினார்.

மூன்றாம் நாள் பால் நின்றது. அதன் பிறகு யார் பிள்ளை அழுதாலும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.