நெஞ்சு உயரத்தில் பிளக்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். வாங்கிப் பார் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. கட்டுகிறவனுக்காவது எந்தச் சுவரில் என்ன கோளாறு என்று தெரியும். வாங்குகிறவன் அடுத்தவர் பூசிய சாயத்தைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். நான் தலையாட்டிய விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

அப்போது நாங்கள் ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் ஓர் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் இருந்தோம். நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வயர்மேன். என் மனைவி சிங்கப்பூரில் மின்னணுச் சாமான்கள் செய்யும் ஆலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காலை நாலு மணிக்கு எழுந்து, கம்பெனி பஸ் பிடித்து, பாலம் தாண்டிப் போவாள். திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். மகள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி சொன்னாள்.

"இந்த வருசத்தோட நான் வேலைய நிறுத்திக்கப் போறேங்க. அதுக்கப்புறம் மண்ணு மேல இருக்கிற வீட்டுல இருக்கணும். என் வீட்ட நான் பகல்ல பாக்கணும். இத்தன வருசத்தில ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் பாத்திருக்கேன்."

சரி என்றேன். ஜொகூர் பாருவில் தரை வீடு நம் கைக்கு எட்டாது என்பது தெரிந்ததுதான், தேடித் தேடி அலுத்துப்போவாள் என்று நினைத்தேன். அவள் அலுக்கவில்லை. அவளோடு வேலை பார்த்த சீனப் பெண் ஒருத்தியின் அத்தை, சிகாமட்டுக்கு வெளியே தன் வீட்டை விற்கப் போவதாகத் தகவல் கொண்டுவந்தாள். டவுனுமில்லை, ஒதுக்குப்புறக் கம்பமுமில்லை, பத்து நிமிடத்தில் சந்தைக்குப் போய்விடலாம், கொல்லையில் ரம்புத்தான் மரம் இருக்கிறது என்றாள்.

கொல்லைக்கு அப்பால் செம்பனைத் தோட்டம் இருக்கும் என்று அவள் சொல்லாமலேயே எனக்குத் தெரியும். நான் காஹாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். பதினெட்டு வயதில் ஒரு துணிப்பையோடு பஸ் ஏறினேன். இனி இந்தச் செம்பனைக்கு நடுவில் ஒரு ராத்திரிகூடத் தங்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு கட்டியிருந்தேன். கல்யாணத்துக்கு முன்பே இதை அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று மட்டும் சொன்னதில்லை.

வீடு பாதி கல், பாதி பலகை. வாசலில் நாலு படி. விற்கும் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். மகளோடு சிங்கப்பூரில் இருக்கப் போகிறாராம். எங்களோடு மலாயில் பேசினார். நான் கூரையைப் பார்த்தேன், கழிவுக்குழியைத் திறக்கச் சொன்னேன், நிலப் பட்டாவான கிராண்டில் யார் பெயர் இருக்கிறது என்று விசாரித்தேன். ஒரு குற்றமாவது அகப்படாதா என்று தேடினேன் என்பதுதான் உண்மை.

நடு அறைக்குள் நுழைந்ததும் அகப்பட்டது. பிளக் பாயிண்டுகள் எல்லாம் என் நெஞ்சு உயரத்தில் இருந்தன. எந்த வீட்டிலும் அவை தரையிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடியில்தான் இருக்கும். இங்கே வயர் கூரையிலிருந்து இறங்கி வந்து, பாதிச் சுவரோடு நின்றுவிட்டது. கீழே பழைய பிளக்குகள் இருந்த இடத்தைச் சிமெண்டு வைத்து அடைத்து, மேலே சாயம் பூசியிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரிதான். தண்ணீர் ஏறுகிற ஊரில்தான் பிளக்கை இப்படி ஏற்றி வைப்பார்கள். ஒரு தடவை அல்ல, பல தடவை இந்த வீட்டுக்குள் வெள்ளம் வந்திருக்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "பாருங்க, பிளக்கு எவ்வளவு வசதியா இருக்கு. எனக்கு இடுப்பு வலிக்குக் குனியவே வேணாம்லா."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ஆமாமா, வசதிதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நானாக வேண்டாம் என்றால், இருபத்திரண்டு வருடம் உழைத்தவளின் ஆசையைக் கெடுத்த பழி எனக்கு வரும். கொஞ்ச நாள் விட்டுப் பிடிப்போம். அச்சாரம் கொடுக்கிற அன்றைக்கு, அந்த அம்மாவின் எதிரிலேயே கேட்டுவிட்டால், அவர் திருதிருவென்று விழிப்பார், காரியம் அதோடு முடியும். தடுத்தது தண்ணீர், நான் அல்ல. இனிமேல் செம்பனைப் பக்கம் வீடு என்ற பேச்சே எழாது. இப்படிக் கணக்குப் போட்டு, அதைப் பெரிய சாமர்த்தியம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

நடுவில் இரண்டு வாரம். அவள் திரைச்சீலைக்குத் துணி பார்த்தாள். சாமி மேடையை எந்த மூலையில் வைக்கலாம் என்று என்னைக் கேட்டாள். ஒரு தடவை, "வயரிங்கெல்லாம் நல்லா இருந்துச்சாங்க?" என்றும் கேட்டாள். "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு டிவி பார்த்தேன்.

அச்சாரம் கொடுக்கப் போன அன்று அந்த அம்மா பார்லித் தண்ணீர் காய்ச்சி வைத்திருந்தார். என் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அச்சாரப் பண உறை அதற்குள் இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கோர்ட்டில் லாயர் கேட்பதுபோல மலாயில் கேட்டேன்.

"ஆண்ட்டி, இந்தப் பிளக் பாயிண்டெல்லாம் ஏன் இவ்வளவு மேல இருக்கு?"

அவர் விழிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு என் மனைவியைப் பார்த்தார். "உன் மனைவி முதல் நாளே கேட்டுட்டாளே" என்றார். "நீ கூரையப் பாத்துக்கிட்டிருந்தப்ப பின்வாசலுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்."

என்னையும் அங்கே கூட்டிப் போனார், பின்வாசல் நிலையில் பென்சில் கோடுகள் இருந்தன. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு கோடு. பெரும்பாலானவை கணுக்கால் உயரம். ஒன்று மட்டும் என் இடுப்புக்கு வந்தது. அவர் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். பள்ளிக்கூட மண்டபத்தில் எத்தனை நாள் இருந்தார்கள், எந்த வீட்டுக்காரர் படகில் வந்து கூப்பிட்டார் என்றெல்லாம் சொன்னார். அவர் எதையும் மறைத்திருக்கவில்லை. சுவரை அடைத்தால் சாயம் பூசத்தானே வேண்டும். மறைத்தவன் நான் ஒருவன்தான்.

எனக்கு முகத்தில் அசடு வழிந்தது. "ஒனக்குத் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

உறை கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு வாரம் தவணை கொடுங்கள் என்று அந்த அம்மாவிடம் அவளே கேட்டுக்கொண்டாள்.

திரும்பும் வழியில் காரில் லாபிஸ் டவுனைத் தாண்டினோம். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "குனிய வேணாம்னு சொன்னது சும்மாதான். வயர்மேன் கண்ணுக்கு அது தெரியாமப் போகுமா? நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். அன்னைக்குச் சொல்லல. சரி, வீட்டுக்குப் போய்ச் சொல்லுவாருன்னு பாத்தேன். நானா வாயத் திறந்து வயரிங்கப் பத்திக் கேட்டேன். அப்பவும் சொல்லல." கைப்பையை மடியில் திருப்பி வைத்தாள். "எனக்கு அந்த வீடு பிடிச்சிருக்கு. தண்ணி வரும்னு தெரிஞ்சேதான் பிடிச்சிருக்கு. உங்கள நம்பி அங்க வரலாமான்னுதான் இப்ப யோசிக்கிறேன்."

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் என்னை எத்தனையோ திட்டியிருக்கிறாள். எதுவும் இப்படிச் சுட்டதில்லை. வெள்ளம் வருகிற வீடு என்று தெரிந்தும் இவள் போய் விழட்டும் என்று நான் சும்மா இருந்திருக்கிறேன். கடைசி நிமிடத்தில் பிடித்து இழுப்பேன் என்பது எனக்கல்லவா தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த ஞாயிறு நான் மட்டும் டூல் பெட்டியோடு சிகாமட்டுக்குப் போனேன். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். சாயங்காலம்வரை அந்த வீட்டைக் குடைந்தேன். திரும்பி வந்து, சமையலறை வாசலில் நின்று, எழுதி வந்த தாளைப் படித்தேன். பின்பக்கத் தூணில் கரையான். குளியலறைக் குழாயில் கசிவு. மெயின் சுவிட்ச் பெட்டி துருப்பிடித்திருக்கிறது, அதை இன்னும் ஓர் அடி ஏற்ற வேண்டும். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

தாளில் இல்லாத ஒன்றையும் சொன்னேன். எனக்கு ஏழு வயதில் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அப்பா எங்களையும் அரிசி மூட்டையையும் மேசை மேல் ஏற்றி வைத்துவிட்டு டிராக்டர் தேடிப் போனார். அன்று முழுக்க, சிலிப்பர்கள் வீட்டுக்குள் மிதந்து சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்பா திரும்பி வரமாட்டார் என்றே நினைத்தேன். அவர் வந்துவிட்டார், அந்தப் பயம்தான் போகவில்லை.

"செம்பனை பிடிக்காதுன்னு சொன்னதெல்லாம் சும்மாலா. எனக்குப் பயம்."

அவள் அடுப்பைத் தணித்தாள். வெங்காயக் காரத்துக்குத்தான் கண்ணைத் துடைத்தாள் என்று வைத்துக்கொள்ளலாம். "இவ்வளவு வருசம் கழிச்சு இப்பத்தான் சொல்றீங்க" என்றாள். பிறகு, "அந்தத் தூணுல கரையான் இருக்கிறது எனக்குத் தெரியாது" என்றாள்.

வீட்டை வாங்கினோம், நானும் சிகாமட்டிலேயே வயரிங் வேலை தேடிக்கொண்டேன். பால் காய்ச்சியது ஒரு நல்ல வெயில் நாளில். அவள் அன்றைக்குப் பத்து மணி வெயிலில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திறந்த கதவு வழியாக வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

அதன் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஓட்டில் விரிசல், வேலியில் ஓட்டை, என் ரத்தத்தில் சர்க்கரை, எதுவானாலும் பார்த்த உடனே போய்ச் சொல்லிவிடுவேன். சில நாள், "போதும்லா, கொஞ்சம் பேசாம இருங்க" என்று அவளே அலுத்துக்கொள்வாள்.

முதல் மழைக்காலத்தில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை, ஏழு மணி இருக்கும், முன்கதவைத் திறந்தேன். தண்ணீர் இரண்டு படியை விழுங்கிவிட்டு மூன்றாவதைத் தொட்டுக்கொண்டிருந்தது. என் பழைய சிலிப்பர் ஒன்று வேலியோரம் மிதந்தது. நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"தண்ணி மூணாவது படிக்கு வந்துருச்சு. எனக்குப் பயமா இருக்கு."

அரிசி மூட்டை ஏற்கனவே மேசை மேல் இருந்தது. கிராண்டும் பத்திரங்களும் பிளாஸ்டிக் பையில் ஆணியில் தொங்கின. நாலு மணிக்கு எழுகிற பழக்கம் அவளை இன்னும் விடவில்லை.

"என்னைய எழுப்பியிருக்கலாம்ல?" என்றேன்.

அவள் தேநீரை ஆற்றி என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு தெரியும்ங்க."